கால் நனைக்காமல் வந்த பெயர்

நீல இன்டர்நெட் கம்பியின் முனையை நாச்சிமுத்து இன்னும் விடவில்லை. காலை ஒன்பதே காலுக்குச் சுவர்ப் பெட்டியிலிருந்து பிடுங்கியது. இப்போது மணி இரண்டு ஐம்பது. நடுவில் மேசைமேல் வைத்தார், டீ குடித்தார், மெஷின் வரிசையை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார், திரும்ப உட்கார்ந்ததும் கை தானாகப் போய் அதை எடுத்துக்கொண்டது. முனையிலிருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்கைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விட்டதில் அது லேசாக வெளுத்துப்போயிருந்தது. உடைந்தால் நல்லதா? உடைஞ்சுபோச்சுங்கம்மா, பல்லடம் போய் வேற வாங்கியாரணும், நாளைக்குத்தான் மாட்ட முடியும். ஐம்பத்து நான்கு வயசில் யோசனை இப்படிப் போகிறது, பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி சொல்லுகிற பிள்ளை மாதிரி. முதலாளியம்மா போனில் அதிகம் பேசவில்லை. பொள்ளாச்சியில் வளைகாப்பு வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கைபேசியைப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு பொரிக்கிற பதினாறு மெஷினின் சூடும் வரிசையாகத் தெரிகிற இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் வர்றதுக்குள்ள லைன் போட்டிருக்கோணும், வந்து பேசிக்கலாம்னு வெக்காதே, மூணரைக்கு அங்க இருப்பேன், ஜெகதீசனைப் பல்லடத்துல ஏத்திக்கிட்டு வர்றேன். வைத்துவிட்டார்கள். மூன்றரைக்கு இன்னும் நாற்பது நிமிஷம். கம்பியை மாட்ட ஒரு நொடி போதும். மாட்டக்கூடாது என்று சொல்ல எத்தனை நேரம் வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. காலையிலிருந்து அந்த வாக்கியத்தைத் தொடங்கித் தொடங்கி, ஒரே இடத்தில் போய் முட்டி நிற்கிறார்.

எங்கிருந்து தொடங்குவது? தொட்டியிலிருந்து தொடங்கலாம், அது அம்மாவுக்குப் புரியும். இந்த ஹேச்சரிக்குள் வருகிற எந்த மனுசனும் வாசலில் மருந்துத் தண்ணித் தொட்டியில் கால் நனைக்காமல் தாண்டினதில்லை. வண்டி வந்தால் நாலு சக்கரமும் நனைய வேண்டும். அப்புறம் நோட்டில் பேர், ஊர், யாரைப் பார்க்க, கடைசியாகக் கோழி தொட்ட நாள், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. அப்புறம் தலையோடு ஒரு குளியல், இங்கே வைத்திருக்கிற வெள்ளைத் துணி, இங்கே வைத்திருக்கிற செருப்பு. அம்மாவின் சொந்தச் சம்பந்தி பட்டுவேட்டியோடு வந்து நின்றார், அவரையும் குளிக்க வைத்தார்கள். அவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், பாதிக் கோபமாக. ஒரு கட்டத்தை எழுதாமல் விட்டால் அம்மா நோட்டைத் தூக்கி வாட்ச்மேன் மடியில் போடுவார்கள். கோழிச் சீக்கு கண்ணுக்குத் தெரியாது, செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகக் கற்றது. அவ்வளவு தெரிந்தவர்களுக்கு, இந்தக் கம்பி வழியாகவும் ஆள் வரலாம், வருகிற ஆள் கால் நனைப்பதில்லை என்பது மட்டும் ஏறவே இல்லை. போன வருசம் அதை அப்படியே சொல்லிப் பார்த்தார். அம்மா சிரித்த சிரிப்பு முட்டை அறைவரை கேட்டது. அப்ப ஒயரை மருந்துத் தண்ணியில முக்கச் சொல்றியா, ஷாக் அடிச்சுச் சாகறதுக்கா என்றார்கள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார், அதுதான் தப்பு. சிரித்த பிறகு எப்படித் திரும்பத் தொடங்குவது. இன்னொரு நாள் தொடங்கினபோது அம்மா கையை ஆட்டி நிறுத்தினார்கள். அந்த லைன்ல வர்றது வேற யாரு, மெஷின் கம்பெனிக்காரன்தானே. ஜெகதீசன் நம்ம வீட்டுல கை நனைச்சவன். பதினொரு வருசமா. நம்ம ஆளு. கை நனைத்தவன் கால் நனைக்க வேண்டாம், அப்படியா அம்மா என்று கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றினது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விளக்குப் போட்ட பிறகு. அவருக்கு எல்லாப் பதிலும் வீட்டில்தான் வரும்.

ஜெகதீசன் நல்லவன்தான், அதில் என்ன சந்தேகம். அவனைச் சொல்லவில்லை. அவன் கோயமுத்தூரில் இருந்துகொண்டே இங்கே இருக்கிற மெஷினைத் திறந்து பார்க்கிறான், சூடு ஏறினால் இறக்குகிறான், ஈரம் குறைந்தால் கூட்டுகிறான். நாற்பது ஹேச்சரிக்கு அவன் கம்பெனி அப்படிப் பார்க்கிறது. நாற்பது வீட்டுச் சாவியும் ஒரே ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணியைத் திருடன் பார்த்துவிட்டால் ஜெகதீசன் நல்லவனாக இருந்து என்ன பிரயோஜனம்? இன்றைக்குக் காலையில் துரைசாமி கூப்பிட்டான். உடுமலை ரோட்டில் இன்னொரு ஹேச்சரி, இவரைப் போலவே எழுதப்படிக்கத் தெரிந்த பாவத்துக்குக் கம்ப்யூட்டர் அறையில் உட்கார வைக்கப்பட்டவன். குரலே சரியில்லை. அண்ணா, விடிகாலம் வந்து பார்த்தா எல்லா மெஷின் ஸ்கிரீனும் கறுப்பு, நாலு வரி இங்கிலீஷ்ல எழுதி வெச்சிருக்கானுங்க, பணம் கேக்கறானுங்க, உள்ள வெந்து கெடக்குதுங்கண்ணா. எம்பதாயிரம் முட்டை. அலாரம் அடிக்கவே இல்லை என்றான். மெஷின் கம்பெனியைக் கேட்டால் வோல்டேஜ் கோளாறு என்கிறார்களாம். வோல்டேஜ் இங்கிலீஷில் எழுதுமா என்று கேட்டிருக்கிறான். அலாரம் அடிக்கவே இல்லை. அதைக் கேட்டதும் எழுந்துபோய்க் கம்பியைப் பிடுங்கினார், யாரையும் கேட்கவில்லை, பதினெட்டு வருசத்தில் கேட்காமல் செய்த ஒரே காரியம். ஏனென்றால் போன சனிக்கிழமை இங்கேயும் அலாரம் அளவு மாறியிருந்தது. நூற்றொரு டிகிரியில் அடிக்க வேண்டியதை யாரோ நூற்றுப்பத்துக்குத் தூக்கி வைத்திருந்தார்கள். தற்செயலாகப் பார்த்தார். திருத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்பார்கள் அல்லவா, அந்த இடம்தான், அங்கேதான் வாக்கியம் போய் முட்டுகிறது.

மூன்று மணி. மெஷின் கம்பெனி ஆபீசுக்கு நாலாவது தடவையாகப் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு பெண்குரல், பிறகு நாதஸ்வரம் மாதிரியும் இல்லாமல் பியானோ மாதிரியும் இல்லாமல் ஒரு இசை. முக்கியமான அழைப்பை ஏன் எடுக்கமாட்டேன் என்கிறாய் அம்மணி. காதில் அது ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு காதில் சுவருக்கு அந்தப்பக்கம் கீச்சுச் சத்தம். முட்டை வைத்து இருபதாம் நாள். ஓட்டுக்குள்ளிருந்தே கத்தத் தொடங்கிவிட்டன. ஒன்று இரண்டு என்றால் கேட்காது, ஒரு லட்சத்து இருபதாயிரம் ஓட்டுக்குள்ளிருந்து ஒன்றாகக் கேட்டால் மழை வருகிற மாதிரி இருக்கும். தொண்ணூற்றெட்டரை டிகிரி. அதில் நாலு டிகிரி கூடி ஒரு மணி நேரம் நின்றால் மழை நின்றுவிடும். நாளைக் காலை வண்டிக்காரர்கள் பெட்டியோடு வந்து நிற்பார்கள். துரைசாமி எப்படிக் கதவைத் திறந்திருப்பான். முதலில் வாடை வந்திருக்கும். இசை சட்டென்று நின்றது. சொல்லுங்க சார் என்றது ஒரு சின்னப்பெண் குரல், வேலைக்குச் சேர்ந்து மாசம்கூட ஆகியிருக்காது. தொடர்பைத் துண்டித்திருக்கிறோம், உங்கள் பக்கம் எல்லாச் சாவியையும் மாற்றினால்தான் திரும்பக் கொடுப்போம், உடுமலையில் நடந்தது தெரியுமா என்று ஒரே மூச்சில் சொன்னார். அவள் உடுமலையைக் காதில் வாங்கவில்லை. லைன் இல்லேன்னா வாரண்டிக்கு நாங்க பொறுப்பில்லைங்க சார், இருங்க, நான் இங்கிருந்தே பார்க்கறேன் என்றாள். விசைகள் தட்டும் சத்தம். பிறகு சொன்னாள்.

"சார், உங்க ஹேச்சரிக்கு மரகதம்னு ஒரு பேர் இருக்கு. அதுல ட்ரை பண்ணட்டுங்களா?"

அந்தப் பேர் உனக்கு எப்படித் தெரியும் என்றார். ஷீட்ல இருக்குங்க சார், எங்க எல்லார்கிட்டயும் இருக்கு என்றாள். எல்லாரிடமும். பாஸ்வேர்டும் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும், மரகதம் தொண்ணூற்றாறு, மனைவி பேரும் கல்யாண வருசமும். வைத்துவிட்டார். அவள் வைத்தாளா இவர் வைத்தாரா.

மரகதம் படுத்திருந்தது ஜி.எச். இல்லை, தனியார் ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, லிப்ட் கதவு மூடும்போது ஆட்டுக்குட்டி மாதிரிக் கத்தும். நாலு வருசம் ஆகிறது. அப்போதெல்லாம் ஜெகதீசன் மெஷினைத் திறக்க வேண்டுமென்றால் இவரைக் கூப்பிட்டு ஒரு எண் கேட்கவேண்டும், இவர் கைபேசியில் வருவதைப் படித்துச் சொல்ல வேண்டும். ஏற்பாட்டைச் செய்ததே இவர்தான், ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துத் தானாகக் கற்றுச் செய்தது, பெருமை உண்டு. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுவரைதான் மரகதத்துக்குக் கொஞ்சம் தெளிவு இருக்கும். அந்த நேரத்தில்தான் ஜெகதீசனுக்கும் மெஷின் ஞாபகம் வரும். அவள் ஏதோ சொல்லவருவாள், போன் அடிக்கும், இவர் வராந்தாவுக்குப் போய் ஏழு மூணு மூணு ரெண்டு என்று எண் சொல்லிவிட்டுத் திரும்பினால் தூங்கியிருப்பாள். ஒருநாள் அவள்தான் சொன்னாள், அந்தப் பையனுக்கு ஒரு சாவியைக் கையில குடுத்துட்டா என்னங்க, நம்ம ஜெகதீசன்தானே. அன்றைக்கு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, எண் கேட்காமல் திறக்கிற மாதிரி ஒரு பேரை உண்டாக்கினார். பேர் என்ன என்று கட்டம் கேட்டது. வேறு எந்தப் பேர் வரும் அந்த இடத்தில். அதற்கப்புறம் பதினொரு சாயங்காலம் போன் அடிக்கவில்லை. பதினொன்று. பாட்டுப் பெட்டி ரிப்பேர் கடைக்காரன் ஏமாற்றின கதையை இரண்டு தடவை சொன்னாள், தண்ணியில்லாக் கிணற்றில் விழுந்த எருமைக் கதையைச் சொன்னாள், ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்திருந்தாள். இதை எப்படி அம்மாவிடம் சொல்வது. சொன்னால் பரிதாபம் தேடுகிற மாதிரி ஆகும். சொல்லாவிட்டால் திருட்டுத்தனம் மாதிரி ஆகும்.

மூடியிருக்கலாம். அவள் காரியம் முடிந்து முப்பதாம் நாள் வேலைக்கு வந்தபோதே மூடியிருக்க வேண்டும். பேர் வரிசையைத் திறந்தார், பேரின்மேல் வைத்து அழுத்தினார். மரகதத்தை நீக்கவா என்று கேட்டது. ஆம், வேண்டாம் என்று இரண்டு பொத்தான். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், அது யாரைப் பற்றியும் அப்படித்தான் கேட்கும். வேண்டாம் என்றதை அழுத்திவிட்டு எழுந்துபோய் முட்டை எண்ணினார். அடுத்த மாசம் பார்க்கலாம் என்று இருந்தது. பிறகு ஜெகதீசன் எப்போதாவது அந்தப் பேரில் வருவான், பதிவுப் பக்கத்தில் மரகதம் உள்ளே வந்தார் என்று ஒரு வரி விழும். வேலை நெருக்கடியில் கண்ணில் படும்போது, சொல்லக்கூடாது, ஒருவிதமாக இருக்கும். கெட்டதாக இல்லை. அதுதான் குற்றம், கெட்டதாக இல்லாதது. சனிக்கிழமை அலாரம் மாறினதைப் பார்த்துப் பதிவைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு பத்து, மரகதம் உள்ளே வந்தார். இரண்டு பத்துக்கு ஜெகதீசன் எங்கே இருந்தான்? இங்கே. சாப்பாட்டு அறையில், அம்மாவுக்கும் இவருக்கும் நடுவில். மாசாந்திர சர்வீசுக்கு வந்தவன், அக்கா ரசம் மட்டும் இன்னொரு கரண்டி என்று கேட்டான், அம்மா ஏனப்பா வீட்டுல ரசம் வெக்கறதில்லையா என்றார்கள், அவன் வெக்கறாங்க, அது ரசம்னு அவங்கதான் சொல்றாங்க என்றான், எல்லாரும் சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தை இவர் பார்த்தார், இரண்டு பத்து. வேறு யாரோ. யாரோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து, ஷீட்டிலிருந்து பேரை எடுத்து, மரகதம் மரகதம் என்று தட்டி, இவர் சிரித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்து போயிருக்கிறான். இதைவிடச் சாட்சி எதுவும் வேண்டாம். அம்மா கண்ணாலேயே பார்த்த சாட்சி. ஆனால் அந்த வரியைக் காட்டாமல் சாட்சி இல்லை, வரியைக் காட்டினால் பேர் இருக்கிறது, பேர் இருந்தால் திறந்தது யார்.

சுப்பாத்தாள் ஞாபகம் வரக்கூடாது என்று காலையிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். பதினாலு வருசம் முட்டை தரம் பிரித்தவள், விளக்கில் ஒரு பார்வை பார்த்தால் கூமுட்டை தெரிந்துவிடும். இங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, சேரும்போதே எழுதி வாங்குவார்கள். அவள் பேத்திக்கு யாரோ ஒரு நாட்டுக்கோழி கொடுத்திருக்கிறார்கள், காலில் சிவப்புத் துணி கட்டி வளர்த்திருக்கிறாள். ஒன்றே ஒன்று. எவனோ வந்து சொன்னான். அம்மா கத்தவில்லை. ஒரு கோழியா பத்துக் கோழியான்னு சீக்கு கேக்காது சுப்பாத்தா என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். நோட்டில் போன நேரம் எழுதிவிட்டுத்தான் போனாள். இப்போது சந்தையில் தக்காளி விற்கிறாள், பார்த்தால் அண்ணா சௌக்கியமா என்பாள், அம்மா சௌக்கியமா என்றும் கேட்பாள், அதுதான் தாங்கமுடியாது. அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டம் சட்டம்தான் என்று தலையைக்கூட ஆட்டினார். அப்போதே மரகதம் இந்தக் கம்ப்யூட்டரில் இருந்தாள்.

மூன்று இருபது. ஒன்று செய்யலாம். இப்போதே பேரை நீக்கிவிட்டு, பதிவையும் துடைத்துவிட்டு, கம்பியையும் மாட்டிவிடலாம். ஒருவரும் அறியமாட்டார்கள். வேலை இருக்கும். ஆனால் நீக்கினால் திருடனுக்கு ஒரு பேர்தான் போச்சு, ஜெகதீசன் கம்பெனி ஆணியில் இன்னும் எத்தனை பேர் தொங்குகிறதோ, அம்மாவிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, லைன் கிடக்கும், துரைசாமி ஹேச்சரியில் விடிந்த மாதிரி இங்கே விடியும். இல்லை, மாட்டாமலே பிடிவாதமாக நிற்கலாம், காரணம் சொல்லாமல். அம்மா தாங்களே மாட்டிவிடுவார்கள், ஓட்டையில் சொருகத் தெரியாதா என்ன. சுவருக்கு அந்தப்பக்கம் மழை வலுத்திருந்தது. முட்டாள் ஜன்மங்கள், கொஞ்சம் பொறுமையாகத்தான் கத்தக்கூடாதா. எழுந்து பதினாறு மெஷினின் கண்ணாடியையும் பார்த்துவிட்டு வந்தார். தொண்ணூற்றெட்டரை, தொண்ணூற்றெட்டரை, ஒன்றில் மட்டும் தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. வாசலில் கார் நின்றது. தொட்டித் தண்ணீர் சளப்பென்று சத்தமிட்டது. சக்கரம். பிறகு சின்னச் சளப், அம்மாவின் கால். பிறகு இன்னொன்று, ஜெகதீசன். அவன் குளியல் நீளம், பாட்டுப் பாடிக்கொண்டே குளிப்பான். அம்மா முதலில் வருவார்கள்.

வந்தார்கள். வெள்ளைத் துணி, தலையில் ஈரத்துண்டு, வளைகாப்புச் சந்தனம் கழுத்தில் மட்டும் கொஞ்சம் போகாமல் இருந்தது. பார்வை நேராகக் கம்பிக்குப் போனது.

"மாட்டலையா?"

"இல்லீங்கம்மா." தொட்டியிலிருந்து தொடங்க நினைத்தது எல்லாம் எங்கேயோ போய்விட்டது. "வியாழக்கெழமை ரெண்டு பத்துக்கு இந்தக் கம்பி வழியா ஒருத்தர் உள்ள வந்து அலாரத்தை அமுக்கி வெச்சுட்டுப் போயிருக்காங்க. உடுமலையில எம்பதாயிரம் போச்சு, அங்கயும் இதே கம்பெனிதானுங்க."

"ஜெகதீசன் வந்திருப்பான்."

"ஜெகதீசன் அப்ப உங்ககிட்ட ரசம் கேட்டுட்டு இருந்தாருங்க."

அம்மா ஒரு நிமிஷம் அந்த ரசத்தைத் தேடினார்கள், முகத்தில் தெரிந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள். குனிந்து திரையைப் பார்த்தார்கள். கண்ணாடி வெளியே பையில், எழுத்துக் கூட்டித்தான் படிக்க முடிந்தது. படித்து முடித்ததும் நிமிரவில்லை. ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தவர்கள், ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவர்கள்.

"அவ பேரு எப்படி இதுல?"

"நான் தொறந்ததுங்க. அப்ப சாயங்காலம் போன் அடிக்காம இருக்கட்டும்னு ஜெகதீசனுக்குக் குடுத்தேன். அப்பறம் மூடலீங்க." வேறு ஏதோ சேர்க்க வேண்டும் போலிருந்தது. "மூட முடியலீங்க."

"நாலு வருசமாவா?"

"ஆமாங்க."

"சுப்பாத்தா வளர்த்தது ஒத்தைக் கோழி."

"தெரியுமுங்க."

அம்மா வெளியே போனார்கள். போனவர்கள் போனதுதான் என்று நினைத்தார். கதவுக்குப் பக்கத்து மேசையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு வந்து இவர் முன்னால் போட்டார்கள். எழுது என்றார்கள். இந்த நோட்டுல பேர் இல்லாம இதுவரைக்கும் ஒருத்தரும் உள்ள வந்ததில்லை. பேர் என்ற கட்டத்தில் மரகதம். ஊர், தெரியாது. கடைசியாகக் கோழி தொட்ட நாள், தெரியாது. வந்த நேரம் இரண்டு பத்து. யாரைப் பார்க்க என்ற கட்டத்தை விட்டுவிட்டுத் தாண்டியிருந்தார். அம்மா விரலை அதன்மேல் வைத்தார்கள். நாச்சிமுத்து என்று தன் பேரை எழுதினார். போன நேரம் காலியாக இருந்தது. அதன்மேலும் விரல் வந்தது. குளியலறையில் பாட்டு நின்றுவிட்டது.

நாற்காலியைத் திருப்பிப் பேர் வரிசையைத் திறந்தார். மரகதத்தை நீக்கவா. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மெஷின் அறை தெரிகிற ஜன்னல். அழுத்தினார். சத்தம் எதுவும் வரவில்லை. வரிசையில் கீழிருந்த பேர்கள் ஒரு படி மேலே ஏறிக்கொண்டன, அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போன நேரம் மூன்று நாற்பத்திரண்டு என்று எழுதினார்.

நடையில் ஈரச் செருப்புச் சத்தம். அண்ணா, லைன் வந்துருச்சுங்களா என்று ஜெகதீசன் கேட்டுக்கொண்டே வந்தான். அம்மா கதவைப் பாதி சாத்திவிட்டு, அங்கேயே நில்லு தம்பி, உங்க முதலாளியை இங்க வரச்சொல்லு, பேர் ஒவ்வொண்ணா மாத்தினாத்தான் உனக்கு உள்ள வேலை என்றார்கள். பிறகு இவர் பக்கம் திரும்பி, குஞ்சு இறங்கட்டும், உன் கதையை அப்பறம் பார்க்கலாம், அதுவரைக்கும் மணிக்கொரு தடவை நீயே போய்ச் சூடு பார்த்து எழுதி எனக்குச் சொல்லு என்றார்கள். குரலிலிருந்து எதுவும் தெரியவில்லை. சுப்பாத்தாளிடமும் இதே குரலில்தான் பேசினார்கள்.

"கையெழுத்து விட்டுப்போச்சு," என்றார்கள் அம்மா.

வந்தவர் போட வேண்டிய கையெழுத்து. நாச்சிமுத்து கம்பியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். ஆஸ்பத்திரியிலும் கடைசித் தாளில் அவளுக்குப் பதிலாக அவர்தான் போட்டார்.